ஸ்பேஸ் பாரை விடு, பேராண்டி!

வா அப்பு, உக்காரு. நாடகம் எழுதறேன், நாடகம் எழுதறேன்னு சித்திரையிலேருந்து லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு அழுறியே, எங்கே வந்து நிக்குதுன்னு பார்ப்போம். அடேயப்பா, ‘காட்சி ஒன்று’ நட்ட நடுவுல நிக்குதே! அதை அங்கே நிறுத்த ஸ்பேஸ் பாரை நீ தட்டின தட்டுல, யாரோ கதவைத் தட்டுறாகன்னு உங்க அப்பத்தா எந்திரிச்சுப் போயிட்டா. முதல் வசனம் எப்ப வரும்? ஆடித் தள்ளுபடிக்கா?

டெம்ப்ளேட் எறக்கியிருக்கியாக்கும். எங்கேருந்து? அமெரிக்காவுலேருந்தா! பேஷ். பாத்திரத்தோட பேரைப் பெரிய எழுத்துல போடணும்கிறான். நம்ம ‘முருகன்’ல எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து? பேசாம போல்டு போட்டுட்டுப் போ. கூரியர் எழுத்து வேணும்கிறான். அதுல ‘அ’னாவே கிடையாது. நீ தமிழ்ல அடிச்சதும் வேர்டு சத்தங்காட்டாம வேற எழுத்தை உள்ளே விட்டுரும். தாளும் அவுக ஊரு லெட்டர் தாளு, 8.5-க்கு 11 அங்குலம். நம்ம ஜெராக்ஸ் கடையில இருக்கறது ஏ4. பக்கத்துக்கு ஒரு நிமிஷம்னு ஒரு கணக்கு வேற. நம்ம ராஜபார்ட் ‘வள்ளீ...’ன்னு இழுக்கற ஒரு இழுப்புலயே அந்தக் கணக்கு செத்துப்போகும். கையில கடிகாரத்தை வச்சுக்கிட்டு வாய்விட்டுப் படிச்சுப் பாரு, அதுதான் உன் நாடகத்துக்கு நேரம்.

முதல்ல இதைச் சொல்லு: இந்தக் காகிதம் யார் கைக்குப் போகப்போகுது? ஸ்பெஷல் நாடகக்காரவுகளுக்குக் காகிதமே வேண்டாம். ராஜபார்ட் ஒரு ஊர்லேருந்து வருவாரு, ஸ்த்ரீபார்ட் வேற ஊர்லேருந்து வரும். ஒத்திகை கிடையாது. மேடையேறி வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்ண ஆரம்பிச்சா விடிஞ்சுரும். 1918-ல சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில பாலர் சபா ஆரம்பிச்சாரே, அந்தப் பையன்களுக்குப் பாட்டும் வசனமும் நெட்டுரு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல ஆரம்பிச்ச சுகுண விலாச சபை அப்படியில்ல. அங்கே வேஷங்கட்டுனவுக வேற தொழில் பார்த்துக்கிட்டு, ஆசைக்கு ஆடுனவுக. அந்த மாதிரி ஆளுகளுக்குத்தான் காகிதம் வேணும். உன் ஆளுக யாரு? கம்பெனி வேலை முடிச்சுட்டுக் கொட்டாவியோட ஒத்திகைக்கு வர்ற பயலுக. வசனத்தைப் போன்லதான் படிப்பானுக.

அதனால பாமினி ஃபான்ட்டுல அடிக்காதே. டிடிபி கடைக்கு அது சரி. உன் ‘வள்ளி’யை அதுல அடிச்சு அனுப்பினா, அந்த எழுத்து இல்லாத போன்ல அவ ‘டி, எஸ், செமிகோலன், எஸ், பி’யாப் போய் நிப்பா. முருகன் எப்படிக் கண்டுபிடிச்சுக் கல்யாணம் பண்ணுவான்? யூனிகோடுல அடி.

இப்ப ஸ்டைலுக்கு வா. முழிக்காதே, நீ பி.இ. படிச்சவன். நான் பஜார்ல டிடிபி கடைப் பொண்ணு பத்திரம் அடிக்கறதை ஓரமா நின்னு பார்த்தவன், அவ்வளவுதான். ஸ்பேஸ் தட்டித் தள்ளி வச்ச வசனம், ஒரு வார்த்தை கூடினாலும் வரப்பில்லாத வயல்ல தண்ணி விட்ட மாதிரி ஓடிப்போயிரும். நாலு ஸ்டைல் போதும்: காட்சித் தலைப்பு, வசனம், மேடைக் குறிப்பு, பாட்டு. தலைப்புக்கு ‘ஹெடிங் 1’-ஐயே வச்சுக்கோ. பக்கவாட்டுல காட்சியெல்லாம் வரிசையா நிக்கும், எட்டாங்காட்சிக்கு ஒரே தாவு. வசனத்துக்கு ஹேங்கிங் இன்டென்ட் குடு. ஓரத்துல பேரு, ஒரு டேப்பு, 4 சென்டிமீட்டர் தள்ளி வசனம். ரெண்டாவது வரி பேருக்கு அடியில போய் ஒளியாம வசனத்துக்கு நேரா நிக்கும். அடுத்த பத்திக்கு எந்த ஸ்டைல்னும் அதுவே கேக்கும். தலைப்புக்கு அடுத்து மேடைக் குறிப்பு, குறிப்புக்கு அடுத்து வசனம்னு சொல்லிவை. என்டர் தட்டினா அதுவா மாறிக்கும். நீ கதையைப் பத்தி யோசிக்கலாம், அந்தப் பழக்கம் இருந்தா.

எழுத்தைப் பெருசாக்கினேன், தமிழ் மட்டும் அசையலைன்னு நேத்துப் புலம்பினியே, எழுத்துப் பெட்டியில ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’னு தனியா ஒரு கட்டம் இருக்கு பாரு. தமிழுக்கு அளவும் போல்டும் அங்கேதான் வைக்கணும். மேல் கட்டத்துல மாத்தினா இங்கிலீஷ்தான் பெருக்கும், நம்ம ஊரு பள்ளிக்கூடம் மாதிரியே.

எல்லாம் முடிஞ்சதும் ‘வேர்டு டெம்ப்ளேட்’னு வகையை மாத்திச் சேமி. அடுத்த தடவை அதை ரெண்டு தட்டு தட்டினா பேரில்லாத புதுத் தாளாத் தொறக்கும். சாதா ஃபைலா வச்சுக்கிட்டு அதுமேலேயே அடிச்சேன்னு வையி, வள்ளி திருமணத்தை அழிச்சுப் பவளக்கொடி உக்கார்ந்துரும்.

இந்த வித்தையோட ருசி இனிமேதான் இருக்கு. மேடைக் குறிப்பு ஒண்ணுமேல கர்சரை வச்சு, ‘இதே மாதிரி இருக்கறதையெல்லாம் தேர்ந்தெடு’ன்னு சொல்லு. நாடகம் பூராவும் இருக்கற குறிப்பெல்லாம் ஒரே அமுக்குல மாட்டும். நகலெடுத்துத் தனித் தாள்ல ஒட்டு. லைட்டுக்காரருக்கு ஒரு பிரதி, வில்லும் வேலும் எடுத்து வைக்கிறவருக்கு ஒரு பிரதி. மூணாங்காட்சியில வேல் எங்கேன்னு யாரும் ஓடவேண்டாம்.

சைடுல நின்னு வசனம் எடுத்துக் குடுக்கறவனை மறந்துராதே. அந்த வேலை பார்த்தவன் சொல்றேன். படுதாவுக்குப் பின்னால அரை வெளிச்சம், தலைக்கு மேல கொசு. வசனம் பாதி இந்தப் பக்கம், பாதி அடுத்த பக்கம்னு இருந்தா, நான் தாளைப் புரட்டறதுக்குள்ள ராஜபார்ட் முழியைப் புரட்டுவாரு. வசன ஸ்டைல்ல ‘வரிகளைப் பிரிக்காதே’ன்னு ஒரு டிக் இருக்கு, போடு. அவனுக்குன்னு தனிப் பிரதி எடுத்து, அளவை 12-லேருந்து 16 ஆக்கு. ஸ்டைல்ல ஒரு இடத்துல மாத்தினாப் போதும். ஒரு பக்கம் மட்டும் அச்சடி, பஞ்ச் பண்ற ஓரத்துல தாராளமா இடம் விடு.

போலீசுக்கும் ஒரு பிரதி குடுக்கற காலம் இருந்துச்சு, 1954 நாடகச் சட்டப்படி. 2013-ல ஹைகோர்ட் அதுல முக்கியமான பிரிவுகளைச் செல்லாதுன்னுருச்சு. உன் எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் கவனமாப் படிக்க இருந்த ஒரே ஆளும் போச்சு.

என்ன, பஃபூனுக்கு எந்த ஸ்டைலா? அடப் பாவி. அவன் காகிதத்தைக் கையாலயும் தொடமாட்டான். ‘பஃபூன் வருகிறார்’னு போட்டுட்டு அரைப் பக்கம் காலியா விடு. அவன் எப்ப உள்ளே போறானோ, அப்ப அடுத்த காட்சி.