ரிமோட் அண்ணன்

ஆரணியில் தறிச் சத்தம் கேட்கிற தெரு எதுவானாலும் அங்கே ஒரு ரிமோட் அண்ணன் இருப்பார். காலைக் குழிக்குள் விட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டால் நினைத்தபோது எழுந்து வர முடியாது. எதிர்ச்சுவர் ஓரம் மகனுடைய கம்ப்யூட்டர், அதில் இளையராஜா. பாட்டை மாற்ற ஆள் வேண்டும். ஆளுக்குப் பதில் ரிமோட் என்று அவர் முடிவெடுத்தது நியாயம்தான். 2006-க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த இலவச டி.வி. எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. ரிமோட் மட்டும் பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருக்கிறது. அது வீணாகலாமா?

கம்ப்யூட்டருக்கு ஒரு கண் வேண்டும், அவ்வளவுதான். அதைத் தேர்ந்தெடுப்பதுதான் இப்போது அண்ணனுக்குத் தொழில். சேலை நெய்வது ஓய்வு நேரத்தில்.

பாவு பிணைக்க வந்தவர் உட்காருமுன் பாடம் தொடங்கிவிடும்.

"பட்டனை அமுக்கு. லைட்டு தெரியுதா? தெரியாது. இப்ப செல்போன்ல செல்ஃபி கேமரா வழியா பாரு."

மினுக்கியது.

"செகண்டுக்கு 38 ஆயிரம் வாட்டி எரிஞ்சு அணையுது. அந்த வேகத்துல மினுக்கினாத்தான் சென்சார் மதிக்கும்."

"அண்ணா, பாவு..."

"இருப்பா. இடைவெளி சின்னதுன்னா பூஜ்யம், பெருசுன்னா ஒண்ணு. ஒரு பட்டனுக்கு இப்படி 32. மேல தொங்குதே ஜக்கார்டு அட்டை, ஓட்டை இருந்தா ஊசி போகும், இல்லேன்னா போகாது. ரெண்டும் ஒரே கணக்கு. கம்ப்யூட்டரே நம்மகிட்டேருந்து போனதுதான்!"

பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு 1804-ல் செய்தது எப்போது 'நம்ம' ஆயிற்றோ தெரியாது. ஆனால் தம் கணக்குப் பொறிக்கு அட்டை யோசனையை பாபேஜ் தறியிலிருந்துதான் எடுத்தார் என்பதால் விட்டுவிடலாம்.

யு.எஸ்.பி.யில் செருகும் ரிசீவர் ஒன்றை மகன் காட்டினான். எந்த ரிமோட்டையும் கற்றுக்கொள்ளும். கம்ப்யூட்டரிடம் தன்னைக் கீபோர்டு என்றே சொல்லிக்கொள்ளும். விலையைக் கேட்டதும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டி.எஸ்.ஓ.பி. 1738 சென்சார் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? மூன்று கால், கறுப்பு உடம்பு, சில்லறைக் காசு. அந்த எண்ணைக் குலதெய்வத்தின் பேர் போலச் சொல்வார்.

வாங்குவதற்கு முன்பே இடம் பார்த்தாயிற்று. ஜன்னல் பக்கம் வைத்தால் காலை வெயில் நேரே அடித்துக் கண் கூசும். சி.எஃப்.எல். பல்புக்குக் கீழே வைத்தால் அதன் சோக் குறுக்கே பேசும். கம்ப்யூட்டர் மேலேயே வைக்கலாமென்றால் நடுவில் தறிமரம் மறைக்கிறது. கடைசியில் அண்ணியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைச் சுவரில் ஒட்டி, அதுதான் சென்சார் என்று வைத்துக்கொண்டு குழியிலிருந்து ரிமோட்டை நீட்டி அமுக்கிப் பார்த்தார். கோணம் திருப்தி.

"என் பொட்டை செவுத்துல ஒட்டினு அதைப் பாத்து டி.வி. ரிமோட்டை அமுக்கறாரு. பொண்ணு பார்க்க வர்றவங்க இன்னா நினைப்பாங்க?" என்றார் அண்ணி.

ஒருவழியாகச் சென்னை ரிச்சி தெருவுக்கே போய் வந்தார். சென்சார், ரெசிஸ்டர், கெபாசிட்டர், டயோடு, ஒன்பது முள் சீரியல் போர்ட்டுக்கான சொருகி. கூட்டி வைத்தால் பஸ் கட்டணத்தில் பாதி தேறாது. ராத்திரியே பற்றவைத்து முடித்து, மகனுடைய கம்ப்யூட்டரின் முதுகைத் தடவினார். ஒன்பது முள் சொருகுகிற இடமே அதில் இல்லை. புதுசுகளில் அதை எடுத்துப் பல வருஷம் ஆயிற்றாம்.

அண்ணன் அசரவில்லை. போளூரில் யார் வீட்டிலோ பழைய கம்ப்யூட்டர் ஒன்று விலைக்கு வருகிறதாம். சென்சாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். தறியில் முகூர்த்தச் சேலை முந்தானையோடு நிற்கிறது.