நடராஜரிடம் கைமாற்று

என் அம்மாவைத் தியாகி என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். தியாகி என்றால் அரசாங்கம் பென்ஷன் கொடுக்கும், பஸ் பாஸ் கொடுக்கும், ஆகஸ்ட் பதினைந்துக்குக் கலெக்டர் சால்வை போர்த்துவார். "எனக்கு எவனாவது ஒரு துண்டு போத்துனானா?" என்று கேட்பாள். ஆகவே அந்தச் சொல்லை இந்தப் பத்தியோடு விட்டுவிடுகிறேன்.

அம்மா பிறந்தது ரங்கூனில். 1962-ல் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். அப்பாவின் சின்ன மளிகைக் கடையும் அதில் போயிற்று. சரக்கில் பாதி கடனுக்கு வாங்கியது. "பாதி நஷ்டம் நம்முது இல்ல" என்று அப்பா கடைசி வரைக்கும் அதில் ஆறுதல் கண்டுகொண்டிருந்தார். அம்மாவுக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, சில்லறை இடத்தை அடைக்கிறதே என்று நூறு கியாட் நோட்டாக மாற்றி வைத்திருந்தாள். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

கப்பல் ஏறினார்கள். அரசாங்கக் காகிதத்தில் அம்மாவைத் 'தாயகம் திரும்பியவர்' என்று எழுதியிருந்தது. அதற்கு முன்னால் அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. அப்பாவின் முன்னோர் சிதம்பரத்துப் பக்கம். அங்கே போய்ப் பார்த்தால் உறவினர்கள் இருந்தார்கள், நிலம் இல்லை. கடலூர் ஓ.டி.யில் ஒரு மண்டியில் அப்பாவுக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. தெருவில் அம்மாவுக்குப் 'பர்மாக்காரம்மா' என்று பெயர் விழுந்தது. சாகிறவரை அதுதான் பெயர்.

புது ஊரில் அம்மா முதலில் சிநேகம் பிடித்தது சாமிகளோடுதான். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் யாரோ அப்பர் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். பல்லவ ராஜா கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டும், அப்பர் மிதந்து வந்து இங்கேதான் கரையேறினார் என்பது கதை. கரையேறவிட்ட குப்பம் என்று இன்றைக்கும் பக்கத்தில் ஊர் இருக்கிறது. அம்மாவுக்கு அப்பர் உடனே சொந்தக்காரர் ஆகிவிட்டார். "அவரு கல்லைக் கட்டிக்கிட்டு வந்தாரு, நான் உங்கப்பாவைக் கட்டிக்கிட்டு வந்தேன். கல்லாவது மிதந்துச்சு" என்பாள். அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

பாடலீசுவரர் அன்றாடக் குறைகளுக்கு. பெரிய விவகாரங்கள் சிதம்பரத்துக்குப் போகும். பரீட்சை, காய்ச்சல், அக்கா ஜாதகம் எதுவானாலும் ஒரு நாலணாவை மஞ்சள் துணியில் முடிந்து நடராஜர் பேரைச் சொல்லி அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவாள். எங்கள் வீட்டில் கவலைக்குக் குறைவில்லாததால் முடிச்சு நன்றாகவே பெருத்தது. ஆனால் ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாதத்தில் இளைத்துவிடும். கேட்டால், "திருடலடா, கைமாத்து வாங்கியிருக்கேன்" என்பாள்.

கைமாற்றுக்கு வழக்கமாக வட்டி கிடையாது. ஆனால் அம்மாவைப் பெற்ற தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் லேவாதேவி செய்த ஒரு செட்டியாரிடம் பெட்டியடிப் பையனாக இருந்தவர். வட்டியில்லாக் கடனை அந்த வம்சம் நம்பாது. அசலை அப்பாவின் சம்பளத்தில் பைசா பைசாவாகத் திருப்பிப் போட்டுவிடுவாள். வட்டி பட்டினி. பத்து ரூபாய்க்கு ஒரு திங்கட்கிழமை. என் எஸ்.எஸ்.எல்.சி. முழுவதும் திங்கட்கிழமைகளில் நடந்தது என்று சொல்லலாம்.

இது போக சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், வெள்ளி எல்லாம் தனி. துறைமுகத்து மீன் வாசனை விடியற்காலையிலேயே ஜன்னலுக்குள் வந்துவிடும் ஊரில், மீன் சாப்பிட நாள் கிடைக்காமல் வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆருத்ரா தரிசனத்துக்கு மட்டும் எல்லோரையும் கிளப்பிவிடுவாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீட்டர்கேஜ் பாசஞ்சர் சிதம்பரம் போய்ச் சேரும். கோயிலுக்குள் நடராஜரும் கோவிந்தராஜப் பெருமாளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அம்மாவுக்குப் பரம திருப்தி. ஒரே டிக்கெட்டில் இரண்டு சாமி.

முதல் தடவை பொன்னம்பலக் கூரையைப் பார்த்துவிட்டு, "எங்க ரங்கூன் ஷ்வேடகோன் கோயில்ல இதைவிடத் தங்கம் ஜாஸ்தி" என்று என் காதில் சொன்னாள். நடராஜர் காதில் விழுந்துவிடப் போகிறதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தீட்சிதர் ஒருவர், கூரையில் 21,600 ஓடுகள், ஒரு நாளைக்கு மனுஷன் விடுகிற மூச்சின் கணக்கு என்று விளக்கினார். அம்மா கேட்டாள்: "எண்ணி எழுதி வெச்சிருக்கீங்களா சாமி? அரசாங்கம் வந்து எடுத்துக்கிட்டா பிற்பாடு கணக்குக் காட்டணுமே."

தீட்சிதர் சிரித்தார். 2009-ல் அரசாங்கம் நிஜமாகவே வந்தது. கோயில் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு உண்டியலும் வைத்தது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிர்வாகம் தீட்சிதர்களுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு தரப்புக்கும் ஊரில் ஆள் இருந்தது. அம்மா எதிலும் சேரவில்லை. "கடன் குடுத்தவரு உள்ளதான ஆடிக்கிட்டு இருக்காரு. வாசல்ல யாரு நின்னா எனக்கென்ன?"

மூலவரே தேரேறி வீதிக்கு வருவது அங்கே வழக்கம். வருஷத்துக்கு இரண்டு முறை, ஆனியிலும் மார்கழியிலும். கூட்டத்தில் யாரோ, "பாத்தியா பர்மாக்காரம்மா, சாமியே வீட்டை விட்டு வெளிய வந்துட்டாரு, நீ ரங்கூனை நெனச்சு அழுவுறியே" என்று தேற்றினார்கள். "அவரு நாளைக்குத் திரும்பிப் போயிடுவாரு" என்றாள் அம்மா. அந்த ஒரு தரம்தான் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது. அடுத்த நிமிஷம் களி வாங்க வரிசையில் இடித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் எல்லோரும் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அக்கா ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்: "சோறு பத்தாமதானம்மா நீ விரதம் விரதம்னு பட்டினி கெடந்த?" அம்மாவுக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லியிருப்பேன். எனக்கும் சாமிக்கும் நடுவுல சோத்துப் பானையை வைக்காத!" சொன்னதை நிரூபிக்க அதன் பிறகும் ஒரு விரதத்தையும் விடவில்லை. விரதமே கூடாது என்ற சர்க்கரை டாக்டரிடம், "உங்க மாத்திரையை முழுங்குறதே விரத பங்கம்தான், அதுக்கு மேல கேக்காதீங்க" என்றாள்.

நான் அம்மா கட்சி இல்லை. பஞ்சாங்கத்தில் இல்லாத சில விரதங்கள் எங்கள் வீட்டில் இருந்தன. அவை ஒன்றுகூட மாதத்தின் முதல் வாரத்தில் வந்ததில்லை.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன ராத்திரி, தெருவில் பெண்கள் அஞ்சறைப்பெட்டியையும் பருப்பு டப்பாவையும் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன்மார்கள் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்தார்கள். அம்மாவின் டப்பாவைத் திறந்தோம். எல்லாம் பத்து, இருபது, ஐம்பது. ரங்கூனில் பட்ட பிறகு ஐம்பதுக்கு மேல் ஒரு நோட்டு அவள் கையில் ராத் தங்கியதில்லை. "டெல்லிக்காரன் இப்பதான் வர்றான், நான் அறுபத்து நாலுலயே பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு மஞ்சள் முடிச்சை அவிழ்த்தோம். கடைசிக் கடனுக்கான அசல் அப்படியே இருந்தது, முழுக்க நாலணாக்களாக. 2011 ஜூன் 30-க்குப் பிறகு நாலணா செல்லாது. பெரிய நோட்டில் பிடிக்க முடியாதவளைச் சின்னக் காசில் பிடித்துவிட்டார்கள்.

இந்தக் காசை நடராஜர் வாங்கிக்கொள்வாரா என்று வாசகர்களில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் பட்டினி கிடந்து பழக்கமில்லை.