நடுவில் ஒரு கயிறு

இசைதானே முக்கியம், கேட்பவர் யாராயிருந்தால் என்ன என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

நியூயார்க்கில் கருப்பினத்தவர் பேட்டையான ஹார்லெமில், காட்டன் கிளப்பில், 1927 முதல் ஜாஸ் கலைஞர் ட்யூக் எல்லிங்டன் வாசித்தார். மேடையில் கருப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள். அடுத்த தெருக்காரருக்கு வானொலிதான் கதி.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் இன்னும் தாராளம். 1950களில் பல அரங்குகளில் இரு தரப்பையும் உள்ளே விட்டு, நடுவே கயிறு கட்டினார்கள். காவலுக்குப் போலீஸ். மாட்டுச் சந்தையில்கூட இத்தனை ஒழுங்கு கிடையாது. ராக் அண்ட் ரோல் சூடு பிடித்ததும் பிள்ளைகள் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஒன்றாக ஆடிவிட்டார்கள். தாளம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழும் என்பதை, பாவம், கயிறு கட்டியவர்கள் யோசிக்கவில்லை.

கூட்டத்தைப் பிரித்து உட்கார வைத்தால் வாசிக்கமாட்டோம் என்று 1964இல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நிகழ்ச்சிக்கு முன்பே பீட்டில்ஸ் குழுவினர் சொல்லிவிட்டார்கள். பிரிக்கவில்லை. வானமும் இடிந்து விழவில்லை. டோரா புயலின் மிச்சக் காற்று மட்டும் பலமாக அடித்தது. ரிங்கோவின் டிரம்ஸை மேடையோடு ஆணியடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.