வாளோடு வந்தார், வீட்டோடு மாப்பிள்ளை ஆனார்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஒரு கிளானில் சேருவது எப்படி என்று உங்கள் வீட்டுப் பொடியனைக் கேளுங்கள். ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டும், லீடர் உங்கள் டவுன் ஹால் லெவலைப் பார்ப்பார், மனம் வைத்தால் எடுப்பார், டொனேஷன் கொடுக்காமல் சும்மா கிடந்தால் தூக்கி வெளியே போடுவார். 2012இல் பின்லாந்துக் கம்பெனி ஒன்று இந்த மொபைல் கேமை வெளியிட்டு உலகத்தையே கவிழ்த்தது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் மூத்தம்மாமார் இதே விளையாட்டைப் பல தலைமுறையாக, சார்ஜரே இல்லாமல் நடத்தி வருகிறார்கள். பெயர் மட்டும்தான் வேறு: குடி.

அந்தக் கேமில் ஒரு கிளானுக்கு 50 பேர்தான். மூத்தம்மாவின் கேமில் லிமிட்டே கிடையாது. விதியும் ஒரே வரி: உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. சரி, வாப்பா? அவருக்கும் ஒரு குடி உண்டு, அது அவருடைய உம்மா தந்தது. பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாம், டியூஷன் காசு கட்டலாம், குடியை மட்டும் கொடுக்க முடியாது. பாவம், அவருடைய அக்கவுண்டில் அந்த ஆப்ஷனே வைக்கவில்லை.

இனி, மேடையில் மைக் பிடித்தவர் “எங்கட மூதாதையர் அரபு நாட்டு வணிகர்கள்” என்று தொடங்கினால் பணிவோடு கேட்டுக்கொள்ளுங்கள். அரபிகள் கப்பலில் வந்தார்கள், வியாபாரம் செய்தார்கள், இங்கே பெண் எடுத்தார்கள், எல்லாம் சரி. ஆனால் கிழக்குக் கரையின் கணக்கில் அந்தப் பெரியவர் ஒரு மாப்பிள்ளை, அவ்வளவுதான். ஏழு கடல் தாண்டிக் கொண்டுவந்த வம்சப் பெருமையை, உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்.

கிளான் என்று இருந்தால் ஒரு கிளான் வார் வேண்டாமா? இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் கதை ஒன்றில் முக்குவர், திமிலர் என்ற இரண்டு சாதிகளுக்குள் தீராத பகை. முக்குவர் தனியாகச் சமாளிக்க முடியாமல் முஸ்லிம்களைத் துணைக்கு அழைத்தார்கள். கதையில் அவர்களுக்குப் பட்டாணியர் என்று பெயர். இரண்டு தரப்பும் சேர்ந்து திமிலரை வடக்கே துரத்தின. வருஷம் எது, தேதி எது என்று கேட்காதீர்கள். இந்த மாதிரிக் கதைகள் கலண்டர் மாட்டாத வீட்டில்தான் பிறக்கும்.

வெற்றி விழாவில் முக்குவர் கேட்டார்களாம்: “காசு வேணுமா, பெண் வேணுமா?” வீரர்கள் யோசிக்கவே இல்லை. பெண் என்றார்கள். வாயெல்லாம் பல்லாக நின்றவர்களுக்கு டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸை யாரும் வாசித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. இந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும்! பரிசை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று வந்தவர்களைப் பரிசே கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனது. அந்தப் போரில் கொள்ளை போனது யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கதை இப்படி என்றால் ஆவணம் வேறு மாதிரிப் பேசுகிறது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பிடியிலிருந்த கரையோரத்து முஸ்லிம்களைத் துரத்த, கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று எழுதி வைத்திருப்பவர் குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். ஒருத்தர் கிக் பண்ண, இன்னொருத்தர் அக்செப்ட் பண்ணியிருக்கிறார். மன்னனுக்கு இரக்கம் இருந்திருக்கும். எதிரியின் எதிரியைக் கரையில் உட்கார வைக்கும் கணக்கும் கொஞ்சம் இருந்திருக்கும். வந்தவர்கள் மன்னனை மதித்தார்கள், கடைசியில் அடங்கியது என்னவோ மாமியாருக்குத்தான்.

குடிப் பெயர்களைக் கேட்டிருக்கிறீர்களா? ராசாம்பிள்ளை குடி, படையாண்ட குடி, உலகிப்போடி குடி. முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் குடி முறை பொது. சில பெயர்கள்கூடப் பொது. ராசா என்ன, படை என்ன, உலகம் என்ன! இன்றைக்குப் பொடியன்மார் போனில் ‘கிங்’ என்றும் ‘கில்லர்’ என்றும் யூசர்நேம் போடுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் பெரியவர்களே, இது பரம்பரை வியாதி. இத்தனை குடிகளில் ஒன்றுக்காவது ‘சும்மா இருந்தவர் குடி’ என்று பெயர் வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

லீடர் பதவிக்கு வருவோம். குடிக்கு ஒரு மரைக்கார். குடி சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் உட்காருபவர் அவர்தான். கந்தூரிச் சோற்றுப் பங்கிலிருந்து குடும்பத் தகராறு வரை அவர் முன்னால் வரும். பெண் வழியாக ஓடிவரும் குடிக்கு ஆண்தான் தலைவர் என்றதும் ஆண்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். நிமிர்த்தட்டும். ஆனால் மரைக்காரின் சொந்த மகன் அந்தக் கதிரைக்கு வர முடியாது, ஏனென்றால் மகன் வேறு குடி, உம்மாவின் குடி!

வாரிசு அரசியலைப் பிறப்பிலேயே வெட்டிவிடும் இந்த விதியைக் கொழும்புக்கோ சென்னைக்கோ ஏற்றுமதி செய்தால் பாதிக் கட்சிகளுக்குப் பூட்டுப் போட வேண்டி வரும். அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். மகனுக்குத்தான் கதவு அடைப்பு. சகோதரியின் மகன் அதே குடி. மனிதன் ஓட்டை கண்டுபிடிக்காத விதி உலகத்தில் உண்டா?

காதலுக்கும் இதே சட்டம். ஒரே குடியில் கல்யாணம் கூடாது. முன்பின் பார்த்திராதவள் என்றாலும் அவள் உங்களுக்கு ராத்தா அல்லது தங்கச்சி. மாமாவின் மகள் என்றால் பரவாயில்லை, அவள் மாமியின் குடி. ஆக, பொத்துவிலில் இருக்கும் அறிமுகமில்லாத பெண் சகோதரி, பக்கத்து வளவில் கூட ஓடி விளையாடியவள் மணப்பெண்!

இந்தச் சிக்கலை அவிழ்க்க டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். மறுபடி மறுபடி வந்தார். அவருடைய பெரிய புத்தகம் 2008இல் வெளியானது. உள்ளூர் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் கல்யாணம் முடிந்த முதல் வாரத்திலேயே விளங்கிவிடும்.

ஏனென்றால் பேஸ், அதாவது வீடு, மனைவியுடையது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் நகராது. வாப்பா வயலை விற்பார், காக்காமார் கட்டாரில் வெயிலில் காய்வார்கள், செங்கல் ஏறும், உறுதி மகள் பெயருக்குப் போகும். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மிகவும் சரி. ஆனால் சட்டம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பங்கு பிரிக்க உட்காரும்போது, வீடு எப்போதோ மகளின் கைக்குப் போயிருக்கும்.

இந்த ஏற்பாட்டைப் போர்த்துக்கேயரால் அசைக்க முடியவில்லை, ஒல்லாந்தராலும் பிரிட்டிஷ்காரராலும் முடியவில்லை. அதை அசைத்துப் பார்த்தது ஒரு விண்ணப்பப் படிவம். 2004 சுனாமி இந்தக் கரையைத் துடைத்துப் போட்ட பிறகு புது வீடு கொடுக்க அதிகாரிகள் வந்தார்கள். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். அதில் ஆணின் பெயரை எழுதினார்கள். உம்மா தந்த வளவில் வீடு இழந்தவள், புருஷன் பெயரில் எழுதிய வீட்டில் குடியேறிய இடங்கள் கிழக்கில் உண்டு. கடல் வீட்டைத்தான் எடுத்தது. உறுதியை எடுத்தது பேனா.

எனவே, இந்தக் கரையில் கிளானில் சேர்ந்து முன்னேற விரும்பும் ஆண்களுக்கு ஓர் ஆலோசனை. போனில் நீங்கள் கோ-லீடராக இருக்கலாம், நூறு கிளான் வார் ஜெயித்திருக்கலாம். அங்கே சண்டை வந்தால் லீவ் பட்டனைத் தட்டிவிட்டு வேறு கிளான் பார்க்கலாம். வீட்டில் சண்டை முற்றினால் பெட்டி கட்ட வேண்டியவர் யார் என்பதில் மட்டும் எந்தக் குடியிலும் இரண்டாம் கருத்துக் கிடையாது. மாமியார் மீன் ஆணத்தில் இன்னொரு துண்டு வைத்தால், வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். புரமோஷன் என்பது அதுதான்.