ஹீட்டர் வைத்த கொழிஞ்சாம்பாறைக்காரன்

மார்ச் பிறந்தால் 40 டிகிரியைத் தொட்டுவிடும் பாலக்காட்டுச் சீமையில், காரின் கதவைத் திறந்தாலே ஹீட்டர்தான். தனியாக ஒன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு, "மூணாறில் பெண் எடுத்திருக்கிறேன்" என்பது என் பதில். ஜனவரியில் அங்கே புல்லெல்லாம் உறைபனி. மாப்பிள்ளையின் கௌரவம் முழுக்க டேஷ்போர்டில் உள்ள அந்தச் சிவப்புக் குமிழில்தான் இருக்கிறது.

உடுமலை, சின்னாறு, மறையூர் கடந்து, தலையார் தேயிலைக் காட்டில் குளிர் ஏறியதும் அதைத் திருகினேன். ஜில்லென்று காற்று வந்தது. "பொறு, எஞ்சின் சூடாகட்டும்" என்றேன். மலையேறி வந்த எஞ்சினைப் பார்த்து இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

"ஏனுங்க, ஏசியப் போட்டுப் பாருங்க, அதுல சூடு வந்தாலும் வரும்" என்றாள் மனைவி.

மூணாறு போய்ச் சேர்ந்து மாமனார் மெக்கானிக்கைக் கூட்டி வருவதற்குள் ஃபேன், வயர், ஃப்யூஸ் என்று வரிசையாகக் குற்றம் சாட்டி முடித்திருந்தேன். மெக்கானிக் வண்டியைச் சும்மா ஓடவிட்டார்: குளிர்காற்று. ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்: லேசாகச் சூடு.

"அண்ணே, ஹீட்டர்ல அடுப்பு ஒண்ணும் எரியல. எஞ்சின் சூட்ட வாங்குன கூலன்ட்ட வாட்டர் பம்பு உள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டருக்குத் தள்ளுது. ஃபேன் அது மேல ஊதுது, அவ்வளவுதான்."

பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியே சொட்டும். அளவு குறைந்ததும் ஹீட்டர் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். பம்பை மாற்றினார், பெல்ட்டின் இறுக்கம் பார்த்தார், ஹீட்டரைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டிக் காற்றை வெளியேற்றினார். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும், கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வாகனப் பராமரிப்பில் அது எனக்குக் கைவந்த கலை.

"ஏத்தத்துல டெம்பரேச்சர் முள்ளு மேல போனா ஏசிய அணைச்சிட்டு ஹீட்டரப் பூரா திறந்து விடுங்க. எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். ஓரமா நிறுத்திக்கலாம்."

ஏப்ரலில், சின்னாறு தாண்டிய ஏற்றத்தில், முள் ஏறியது. பின்சீட்டில் மாமியார், டிக்கியில் பலாப்பழங்கள், வெளியே கொளுத்தும் வெயில். ஹீட்டரைத் திறந்தேன். அற்புதமாக வேலை செய்தது.

மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னாள்: "வேணுங்கிறப்ப கையை விரிக்கும், வேண்டாங்கிறப்ப ஓடியாந்து நிக்கும். ஏனுங்க, இது உங்க பேர்லயா வாங்குனீங்க?"