கல்லணையைக் காணாமல் கல்லணை பார்த்து வருவது எப்படி?

மலைப் பள்ளத்தாக்கில் மூச்சிரைக்க நடந்துபோய், ஏதோ ஒரு பழைய கல்பாலத்தைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் வந்துவிட்டது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் பக்கம் ஏறுவதற்கு ஆற்றங்கரை, இறங்குவதற்கு வாய்க்கால். அதற்கு மேல் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. ஆனால் பாலம் உண்டு. 1839-ல் கட்டியது. அதைத் தாங்கி நிற்கிற கட்டோ, பாலத்தைவிடப் பதினேழு நூற்றாண்டு மூத்தது என்கிறார்கள். அந்த இடத்துக்கு முறையாகப் போய், எதையும் பார்த்துவிடாமல் பத்திரமாகத் திரும்புவதற்கான வழிமுறைகள் கீழே.

முதலில் நாள் பார்ப்பது. கோடையில் போகவே கூடாது. ஆறு வறண்டு கிடக்கும். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்து, விஷயம் புரிந்துவிடும் அபாயம் இருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால், அடுத்த சில நாட்களில் கல்லணை திறப்பு. அன்றைக்குப் போகலாம். அமைச்சர்கள் பூவும் நெல்லும் தூவுவார்கள். உங்களுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் கரைவேட்டியும் வெள்ளைச் சட்டை முதுகும்தான். மேட்டூர் சொன்ன தேதியில் திறக்கும் என்று நம்பி லீவு போட்டுவிடாதீர்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. எல்லாவற்றையும்விடச் சிறந்தது ஆடிப்பெருக்கு. காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, கல்யாண மாலையை ஆற்றில் விட வந்த புதுமணத் தம்பதிகள், அவர்களைப் படம் எடுக்கும் சித்தப்பாக்கள் என்று கூட்டம் நெரியும். ஆறு இருப்பதே தெரியாது.

அடுத்து போட்டோ. காரை விட்டு இறங்கியதும் வரிசையாக ஷட்டர்கள் தெரியும். அதன் முன்னால் நின்று, ‘ரெண்டாயிரம் வருஷத் தமிழன் பெருமை’ என்று எழுதி ஸ்டேட்டஸ் போடுங்கள். அந்த மதகு வரிசை 1880-களில் வெள்ளைக்காரன் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தலைப்பில் கட்டியது என்று யாராவது கமெண்ட் போட்டால் பிளாக் செய்துவிடுங்கள். பக்கத்திலேயே கல்லணைக் கால்வாய் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதை இன்றும் புதாறு என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் ஓடத் தொடங்கியது 1934-ல், மேட்டூர் அணையோடு கூடப் பிறந்தது. அதன் முன்னாலும் அதே ஸ்டேட்டஸ் போடலாம், கேட்பார் இல்லை. யானைமேல் இருக்கும் கரிகாலன் சிலையோடு ஒரு படம் கட்டாயம்.

கரிகாலன் கட்டியது என்று சொல்லும்போது சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கல்வெட்டுக்காரர் யாராவது இருந்தால் நாள் போய்விடும். திருவாலங்காட்டுச் செப்பேடு அவன் காவிரிக்குக் கரை எடுத்ததைத்தான் சொல்கிறது, ரேனாட்டுச் சோழரின் மாலேபாடு செப்பேடு காவிரி வெள்ளத்தை அடக்கியதைத்தான் சொல்கிறது, அணை எங்கே வருகிறது என்று ஆரம்பிப்பார். நான் கரிகாலன் கட்சிதான். கரையை எடுத்தவன் அணையை விட்டுவைத்திருப்பானா? ‘உலகத்திலேயே முதல் அணை’ என்பதை மட்டும் தவிர்ப்பது நல்லது. எகிப்தில் கிறிஸ்துவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒன்று கட்டப் பார்த்தார்கள். கட்டி முடிப்பதற்குள் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நம்முடையது நிற்கிறது என்பதுதான் பேச்சு.

ஏன் நிற்கிறது என்று மட்டும் விசாரிக்காதீர்கள். விசாரித்தால் இவ்வளவும் கேட்கவேண்டி வரும்: முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரியும் ஆறு ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு, தீவின் கீழ்முனையில் மறுபடி நெருங்கி வருகிறது. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. சும்மா விட்டால் காவிரித் தண்ணீர் பக்கவாட்டில் கொள்ளிடத்துக்குள் சரிந்து, ஒரு வயலையும் நனைக்காமல் கடலுக்குப் போய்விடும். அந்தச் சரிவுக்குக் குறுக்கே, உடைந்த வரப்பை மண்வெட்டியால் அணைப்பதுபோல, கல்லைப் போட்டு அணைத்தார்கள். நீளம் 1080 அடி, நேர்கோடாக இல்லை, நெளிந்து போகும். கீழே பாறை கிடையாது, ஆற்று மணல்தான். வெள்ளம் வந்தால் தலைக்குமேல் வழிந்து கொள்ளிடத்துக்குப் போகட்டும் என்று தாழ்வாகவே விட்டார்கள். தண்ணீர் தேக்குவதற்கு இது கட்டப்படவே இல்லை. ஆகவே அங்கே போய் ‘எத்தனை அடி தண்ணி நிக்குது?’ என்று கேட்டீர்களானால், வந்த வேலை வெற்றி. ஒன்றும் புரியவில்லை என்பது உறுதியாகிவிட்டது.

1804-ல் கேப்டன் கால்டுவெல் இதை அளந்து, உயர்த்தச் சொன்னார். 1830-ல் ஆர்தர் காட்டன் மணல் அடித்துப் போக மதகு வைத்தார். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இங்கே பார்த்துக்கொண்ட தைரியத்தில்தான் அவர் பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். அந்தப் பக்கத்து விவசாயிகள் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த கல்லுக்கு இங்கே யாரும் மாலை போடுவதில்லை. அது பாலத்துக்கு அடியில் கிடக்கிறது, அதற்குமேல் எத்தனையோ கைகள் பூசியும் விட்டன. எட்டிப் பார்த்தால் நெளிவு தெரியும். எட்டிப் பார்க்க வேண்டாம். பாலத்தின்மேல் வண்டிகள் ஹாரன் அடிக்கும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஷட்டர் பக்கம் குளிக்க இறங்கக் கூடாது. முழங்கால் ஆழம் என்று நினைத்த இடம் அடுத்த அடியில் ஆளை விழுங்கும்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். மீன் வறுவல் வாசனை காருக்குள்ளேயே வரும். மிளகாய்த்தூள் தூக்கலாக, ஓரம் முறுகி, தையல் இலையில் சூடாக வரும். இதை முழுக் கவனத்தோடு சாப்பிடுங்கள். மொத்தப் பயணத்தில் உண்மையாகவே கவனிக்க அனுமதி உள்ள பொருள் இது ஒன்றுதான்.

கடைசி எச்சரிக்கை, துணைக்கு யாரைக் கூட்டிப் போவது என்பது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை மாமா யாரையும் வண்டியில் ஏற்றாதீர்கள். இங்கே திறக்கிற தண்ணீர் அவர் வயலுக்குப் போய்ச் சேர நாள்கணக்கில் ஆகும். சில வருஷம் சேருவதே இல்லை. அவர் சிலையைப் பார்க்க மாட்டார், மீனைத் தொட மாட்டார். நேரே வெண்ணாற்றுத் தலைப்புக்குப் போய், எத்தனை ஷட்டர் தூக்கியிருக்கிறது என்று விரல்விட்டு எண்ணுவார். அப்புறம் அங்கே மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரைப் பிடித்துக்கொள்வார்.

“ஏன் தம்பி, வெண்ணாத்துல எவ்வளவு விடுறீங்க?”

“இன்னிக்கு முறை காவேரிக்குங்க ஐயா.”

“போன வாரமும் இதையே சொன்னீங்களாமே?”

இதற்குமேல் நீங்கள் அங்கே நின்றால் முறைப்பாசனம், குறுவை, சம்பா, தாளடி, தூர் வாராத வாய்க்கால் எல்லாம் காதில் விழும். கல்லணை எதற்காக இருக்கிறது என்பது தெரிந்துபோகும். பேச்சு முற்றுவதற்குள் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக் கிளம்பிவிடுங்கள். மாமா திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸைப் பிடித்து வந்துகொள்வார்.