கன்னி மூலையில் ஒரு ஜிம்

வீட்டிலேயே ஜிம் வைத்துவிடலாமா என்று நான் கேட்டதும், என் தொப்பையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. திசையைப் பற்றித்தான் விசாரித்தார்கள். "கனமான சாமானெல்லாம் கன்னி மூலையிலதான் இருக்கணும்" என்றார் அம்மா. தென்மேற்கில் பாரம் ஏற்ற வேண்டும் என்பது வாஸ்து. அந்த மூலையிலோ, அம்மாவின் சீதனமாக வந்த பீரோ நிற்கிறது. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவனாக நிற்கும் பலம் வேண்டும் என்றுதான் நான் ஜிம்மே கேட்கிறேன்!

மைத்துனனுக்கு இதெல்லாம் சில்லறை விஷயம். "மாமா, ஒலிம்பிக் பார் இல்லாம அதுக்குப் பேரு ஜிம்மா?" என்றான். அந்தக் கம்பி 7 அடிக்கும் மேல் நீளம். தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ. எங்கள் அறையோ பத்துக்குப் பத்து, அதில் கட்டில் போக மிச்சம்தான் எனக்கு. குறுக்கே பிடித்தால் ஒரு முனை ஜன்னல், மறு முனை பீரோக் கண்ணாடி. தலைக்கு மேல் தூக்கினால் மின்விசிறி. கைநழுவிக் கீழே போட்டால் கீழ்வீட்டுக்காரர்; அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

சரி, ட்ரெட்மில் என்றேன். "அதுல ஏறி நடந்தா மாவு அரைபடுமா?" என்று கேட்டார் அம்மா. தன்னை அறியாமல் அவர் சரித்திரம் பேசிவிட்டார். 1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக்கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரம்தான் ட்ரெட்மில்லின் மூதாதை. கைதிகள் படியேறுவதுபோல் மணிக்கணக்காக மிதிப்பார்கள். தானியம் அரைபடும், தண்ணீர் இறைபடும். அந்தத் தண்டனையைத்தான் இன்று மாதத் தவணையில் விற்கிறார்கள். மாவுக்குப் பதிலாகக் கரண்ட் பில் வரும்.

இத்தனைக்கும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்காத என் மனைவி, அப்போதுதான் வந்தார். "அந்தக் கம்பி என்ன எடைன்னீங்க, 20 கிலோவா? வாசல்ல இருக்கு, உள்ள தூக்கிட்டு வாங்க." வாசலில் இருந்தது தண்ணீர் கேன். 20 லிட்டர் என்றால் 20 கிலோ, கணக்கில் பிசகில்லை. லிஃப்ட் நின்ற நாளில்கூட, கேன் போடும் தம்பி அதைத் தோளில் வைத்து, மறு கையில் போன் பேசிக்கொண்டே மூன்று மாடி ஏறி வருகிறான். சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். அதைச் சமையலறைக்கு உருட்டுவது மனைவி. ஆக, எங்கள் வீட்டில் ஜிம் ஏற்கெனவே இருக்கிறது. நான்தான் அதில் உறுப்பினர் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பதும் அதிகமில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை. இதற்கு ஓர் அறையைக் காலி செய்யச் சொல்லி அது எங்கும் கேட்கவில்லை. தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது. நான் 84 கிலோ; அதாவது சுமார் 56 கிலோ. பரோட்டா பரோட்டாவாகப் பல வருடம் சேமித்த எடை. வரி உட்பட முழுப் பணமும் கட்டியாயிற்று. எந்தத் திசையில் வைத்தாலும் வாஸ்து ஆட்சேபிக்காது.

கடைசியில் குடும்பம் அனுமதித்தது மூன்றே பொருள்கள்: வழுக்காத ஒரு விரிப்பு, ஒரு ஜோடி டம்பெல், இழுத்துப் பயிற்சி செய்ய ஒரு ரப்பர் பட்டை. மூன்றும் கட்டிலுக்கடியில் அடங்கும். விருந்தாளி வந்தால் கண்ணில் படாது.

நீங்களும் இதே யோசனையில் இருந்தால், ஆர்டர் போடுமுன் ஒரு மாதம் தண்டாலும் பஸ்கியும் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை மிச்சமிருந்தால் தாராளமாக வாங்குங்கள். இரும்பு எங்கும் ஓடிப்போகாது, கடையிலேயேதான் இருக்கும்.